உறுதிப்படுத்தப்பட்ட ஓசைகள்: பூஜ்யம்

மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. குறை இதுதான்: பதினான்கே மாதம் ஓடிய, ஏழு பேர் அமரக்கூடிய குடும்பக் கார் ஒன்றின் இடப்பக்க முன்சக்கரத்தருகே, பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, அதைச் சரிசெய்து தரக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பு மையம், அப்படியொரு சத்தமே இல்லை என்கிறது.

ஒரு குறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு மட்டும் அந்த மையத்துக்கு இருபத்திரண்டு நாட்களும் பதினேழு படிவங்களும் தேவைப்பட்டன.

காரின் உரிமையாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைப்பர். முப்பது ஆண்டுகளாகச் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டு, வந்தவர் சொல்வதை நம்பிக் கண்ணாடி செய்துகொடுத்தே பிழைத்தவர். ஆகவே, தாம் சொல்வதையும் பிறர் நம்புவர் என்று எண்ணினார். அவருடைய துன்பங்கள் அனைத்துக்கும் அந்த ஓர் எண்ணமே காரணம்.

அவருடைய மகள் மலைமேல் உள்ள ஊரில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. எடை ஒன்றரைக் கிலோ. மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இரண்டு மாதம் ஆகும். இருபத்தெட்டாம் தேதி குழந்தையைக் கீழே அழைத்துப் போகலாம், ஆனால் குலுக்கல் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பேத்தியை இறக்கிக் கொண்டுவரும் பொறுப்பு அந்தக் காரின்மேல் விழுந்தது. அந்தக் காரோ ‘டொக்’ என்றது.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர் கண்ணாடிக்காரரின் மனைவி. “என்னங்க, இது நல்லதுக்கு இல்ல. கீழ ஏதோ ஒண்ணு பல்லக் கடிக்குது. பிள்ளையை ஏத்துறதுக்குள்ள பார்த்துருங்க” என்றார்.

நான்காம் தேதி காலை அவர் போய் நின்ற அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பு மையத்தில் கண்ணாடிச் சுவரும் தோல் நாற்காலியும் எலுமிச்சை மணமும் இருந்தன. பழுதுபார்ப்பதற்கான அடையாளம் ஒன்றும் வெளியில் தெரியவில்லை. வரவேற்பு மேசைக்கு மேலே மின்னெழுத்துப் பலகை ஒன்று ஒளிர்ந்தது. ‘இம்மாதம் உறுதிப்படுத்தப்பட்ட ஓசைகள்: 0’ என்றது அது. பலகைக்குக் கீழே ‘ஓசையற்ற மையம், முதற்பரிசு’ என்று பொறித்த மூன்று கேடயங்கள் வரிசையாக நின்றன. வருகிற சத்தத்தையெல்லாம் வந்த அன்றே சரிசெய்துவிடுகிறார்கள் போலும் என்று கண்ணாடிக்காரர் மகிழ்ந்துபோனார். பாவம்.

மெலிந்த உடலும் ஓயாத புன்னகையும் கொண்ட ஓர் ஆலோசகர் அவரை அமரவைத்து, படிவத்தை எடுத்தார். அதில் நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதினொரு சத்தங்கள் அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது.

“சத்தம் எப்படி சார் வருது?”

“டொக்குன்னு வருது.”

ஆலோசகர் பேனா முனையால் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தடவினார். “டொக் இல்லையே சார். டக் இருக்கு, தட் இருக்கு, கிரீச் இருக்கு. டக் போட்டுறட்டுமா?”

“டக் இல்லீங்க. இது கொஞ்சம் கனமா, உள்ளேயிருந்து வரும்.”

“தட்னு போட்டா வேற பிரிவுக்குப் போயிடும் சார், பத்து நாள் ஆகும். டக் போட்டா இன்னைக்கே பார்த்துருவாங்க.”

‘டக்’ போடப்பட்டது. வயிற்றுவலி என்று வந்தவனுக்குப் பல்வலி என்று சீட்டு எழுதிக் கொடுத்து, பல்வலிக்குக் கூட்டம் குறைவு என்று ஆறுதல் சொல்வதற்கு இது ஒப்பாகும்.

சோதனை ஓட்டத்தில் வாடிக்கையாளர் காருக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. எனவே கண்ணாடிக்காரர் கண்ணாடிச் சுவருக்கு இப்பாலிருந்து பார்த்தார். கட்டடத்தின் பின்புறம் நூற்றிருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை இருந்தது. கருகருவென்று, எண்ணெய் தடவி வாரிய தலைமுடிபோல அவ்வளவு வழவழப்பு. அதில் ஒரு நிபுணர் காரைப் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டினார். சன்னல்கள் ஏற்றப்பட்டிருந்தன. குளிர்சாதனம் ஓடியது. நிபுணரின் தலை பாட்டுக்கு ஏற்ப ஆடியதிலிருந்து வானொலியும் ஓடியது என்று தெரிந்தது.

அறிக்கை வந்தது. ‘டக் ஓசை உறுதிப்படுத்தப்படவில்லை. சக்கரங்களில் காற்று நிரப்பப்பட்டது. வானொலியின் ஒலியளவு சீராக்கப்பட்டது.’ கண்ணாடிக்காரர் காரைக் கிளப்பியதும் சீராக்கப்பட்ட வானொலி அலறியது. அதை அணைத்தார். மைய வாயிலைத் தாண்டியதும் சாலையில் முதல் பள்ளம் வந்தது. டொக்.

பத்தாம் தேதி மறுபடியும் போனார். இம்முறை வெறுங்கையோடு போகவில்லை; மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுபோனார். விவகாரம் பெரிதென்று கண்ட ஆலோசகர், ஒலிப் பிரிவின் தலைவரை வரவழைத்தார். தலைவர் கைப்பேசியைக் காதில் வைத்து, கண்ணை மூடி, மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ‘டொக்’ என்று தெள்ளத் தெளிவாக வந்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார். “சத்தம் இருக்கு சார். மறுக்கல. ஆனா இது உங்க போன்லருந்து வருது.”

“போன்லதான் பதிஞ்சிருக்கேன்.”

“அதான் சொல்றேன். வண்டியில வந்தா வண்டியில கேக்கணும். போன்ல வந்தா போன்காரங்களைத்தான் பார்க்கணும்.”

அன்றைய அறிக்கையில், ‘கைப்பேசியில் ஓசை உண்டு, தக்க கடையை அணுகுமாறு வாடிக்கையாளர் அறிவுறுத்தப்பட்டார்’ என்று எழுதி, கண்ணாடிக்காரரிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டார்கள். மலைமேலிருந்து மகள் அன்று கூப்பிட்டுப் பேசினாள். குழந்தையின் எடை நாற்பது கிராம் கூடியிருந்தது. வண்டி தயாராகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்றார். முப்பது ஆண்டுகளில் அவர் கூசாமல் சொன்ன முதல் பொய் அது.

அவருடைய மனைவிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுநாள் காலை காரை வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொன்னார். அவருடைய தம்பிக்கு, அதாவது அந்த மைத்துனருக்கு, நூற்றுப் பத்துக் கிலோ எடை. அந்த எடையை அன்றுவரை குடும்பத்தில் யாரும் ஒரு தகுதியாகக் கருதியதில்லை. “முன்பக்கத்த அமுக்கி அமுக்கி விடுடா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்தார். தம்பி அமுக்க, கார் தாழ்ந்து எழுந்தது. அந்த அம்மாள் நாடி பார்ப்பதுபோல ஒவ்வோர் இணைப்பின்மேலும் விரலை வைத்துக்கொண்டே போனார். நான்காவது இடத்தில் கை நின்றது.

“இதுதாங்க. காதுல கேக்குறதுக்கு முன்னால விரல்ல குத்துது. வச்சுப் பாருங்க.”

கண்ணாடிக்காரர் விரலை வைத்துப் பார்த்தார். குத்தியது.

தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவர் கடை. அவர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடித்து ஆட்டினார். சக்கரம் ஆடும் பல்லைப்போல ஆடியது. படுத்துக்கொண்டு கீழே விளக்கடித்துக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் குமிழ் இணைப்பு, அவர் மொழியில் பால் ஜாயின்ட், தன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வறண்டு, துருவேறிக் கிடந்தது. எல்லாம் முடிய நான்கு நிமிடம் ஆயிற்று. அதிலும் ஒரு நிமிடம் அவர் ஜாக்கியைத் தேடியது.

“எங்க போறதா இருக்கீங்க?” என்று கேட்டார்.

மலைக்கு என்றார் கண்ணாடிக்காரர். பச்சைக் குழந்தையைக் கூட்டிவர என்றார்.

பஞ்சர் கடைக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, இத வச்சுக்கிட்டு நான் எங்க வீட்டு ஆளுங்களை மார்க்கெட்டுக்குக்கூட ஏத்த மாட்டேன். இது கழண்டா சக்கரம் படுத்துரும். வளைவுல படுத்துச்சுன்னா, அப்புறம் பேச ஒண்ணும் இல்ல. பார்ட் மட்டும் வாங்கிட்டு வாங்க, அரை நாள்ல மாட்டித் தர்றேன். ஆனா வெளில கிடைக்காது. புது மாடல். அவங்ககிட்டதான் இருக்கும்.”

அவர்களிடம் இருந்தது. பதினெட்டாம் தேதி, உதிரிபாகச் சாளரத்துக்கு உள்ளே, அலமாரியின் மூன்றாம் தட்டில், நீல அட்டைப் பெட்டியில் இருந்ததைக் கண்ணாடிக்காரர் தம் கண்ணாலேயே கண்டார். எட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் ஓசை உறுதிச் சான்று இல்லாமல் எந்த உதிரிபாகமும் வெளியே போகாது என்று சாளரத்தில் இருந்தவர் சொன்னார். விலைக்குத்தான் கேட்கிறேன் என்றார் இவர். விலை ஒரு பொருட்டே அன்று என்றார் அவர். தேய்ந்திருந்தால் சத்தம் வரும், சத்தம் உறுதிப்படவில்லை, ஆகவே தேயவில்லை. தேயாத உறுப்பை மாற்றுவது விரயம். இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கச் சிறிது நேரம் முயன்ற கண்ணாடிக்காரர், பத்து நாட்களே மீதம் இருப்பது நினைவுக்கு வர, மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றார்.

மேலாளரை நேரில் பார்க்க விதியில் இடமில்லை. ஆனால் இரண்டு முறைக்குமேல் உறுதிப்படாத ஓசையைக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களுக்கு மேலாளரே நடத்தும் செவிப் பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. அன்று பிற்பகலே நடந்தது. கண்ணாடிக்காரரையும் சேர்த்து ஐந்து பேர், குழந்தைகள் கரும்பலகைக்கு முன் அமர்வதுபோல அமர்ந்திருந்தார்கள். மேலாளர் கச்சிதமான சட்டையும் கனிந்த குரலும் உடையவர். எதிரே இருப்பவர் பேசும்போது மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

சத்தம் என்பது பெரும்பாலும் கவனத்தில் பிறப்பது என்றார். கவனிக்காத சத்தம் யாரையும் துன்புறுத்துவதில்லை என்றார். பிறகு, பெருமை தாங்காமல், அந்த மையத்தின் வரலாற்றைச் சொன்னார்.

“நான் வர்றதுக்கு முன்னாடி நம்ம சோதனைப் பாதையில ஒரு வேகத்தடை, நாலு பள்ளம் இருந்துச்சு. ஒரே மாசத்துல நாப்பத்தோரு சத்தம் உறுதியாச்சு. தலைமை அலுவலகத்துல விளக்கம் கேட்டுட்டாங்க. நான் வந்து மூல காரணத்தை ஆராய்ஞ்சேன். எல்லாச் சத்தமும் பள்ளத்துலதான் வருது. பள்ளத்தை அடைச்சேன். அடுத்த மாசம் பூஜ்யம். மூணு வருஷமா பூஜ்யம். வண்டிகளோட தரம் எந்த அளவுக்கு உயர்ந்திருக்குன்னு நீங்களே பாருங்க.”

நான்கு பேர் தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

“சார், எங்க கடைக்கு வர்றவங்க மங்கலாத் தெரியுதுன்னு சொல்வாங்க. எனக்கு நல்லாத்தானே தெரியுது, போங்கன்னு நான் ஒருத்தரையும் அனுப்பினதில்ல.”

மேலாளர் அவரைப் பரிவோடு பார்த்தார். “அதனாலதான் சார், உங்க கடையில மங்கல் குறையவே மாட்டேங்குது.”

வகுப்பின் முடிவில் ஐவருக்கும் செவிப் பயிற்சி பெற்றமைக்கான சான்றிதழ் வழங்கப்பட்டது. கண்ணாடிக்காரர் அதைச் சுருட்டிப் பிடித்தபடி வாயிலுக்கு வந்தபோது, அந்த மெலிந்த ஆலோசகர் பின்னாலேயே ஓடிவந்தார். முகத்தில் புன்னகை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. “சார், நான் சொன்னதா சொல்லாதீங்க. என் வண்டிய நான் இங்க விடுறதில்ல. உங்க தெருமுனை பஞ்சர் கடையிலதான் விடுறேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பி நடக்கும்போதே புன்னகையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிரவு கண்ணாடிக்காரர் மனைவியிடம் சான்றிதழைக் காட்டினார். பாதையில் பள்ளம் இல்லை, அதனால் சத்தம் இல்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு அவருடைய மனைவி, “பள்ளம் இல்லன்னா மேடு கொண்டு போங்க” என்றார், ஏதோ குடை கொண்டு போங்கள் என்பதுபோல.

இருபத்தாறாம் தேதிக்குத்தான் அடுத்த சோதனை கிடைத்தது. அன்று காலை அவர், மனைவி, மைத்துனர் மூவரும் காரில் போனார்கள், நடப்பவர் முந்திச் செல்லும் வேகத்தில். காரின் கூரைமேல் கடை வாசற்படியாகக் கிடந்த பலாமரப் பலகை கட்டப்பட்டிருந்தது. சோதனைக்கு முன்னரே மைத்துனர் அதைத் தோளில் சுமந்துபோய்ச் சோதனைப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டார். அவரைத் தடுக்க வந்த காவலாளி, நிமிர்ந்து பார்த்ததும், தடுக்காமல் இருப்பதே பணி ஒழுங்கு என்று முடிவுசெய்தார்.

நிபுணர் காரை ஓட்டினார். பலகைமேல் இடப்பக்கச் சக்கரம் ஏறி இறங்கியது.

டொக்.

வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிப் பிரிவின் தலைவர் வெளியே வந்தார். உதிரிபாகச் சாளரத்தார் எட்டிப் பார்த்தார். மேலாளரே வந்துவிட்டார். மூன்று ஆண்டுகளில் அந்தப் பாதையில் கேட்ட முதல் சத்தம் அது.

“இப்ப கேட்டுச்சா சார்?” என்றார் கண்ணாடிக்காரர்.

“கேட்டுச்சு. தெளிவாவே கேட்டுச்சு,” என்றார் மேலாளர். குனிந்து பலகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “பலகைச் சத்தம்.”

மையத்தின் நேர்மையில் யாருக்கும் ஐயம் எழக்கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். பலகையை எடுக்கச் சொன்னார். தாமே ஓட்டிக் காட்டுவதாக அறிவித்தார். முழுக் குடும்பமும் ஏறினால்தான் சத்தம் பலமாக வரும் என்று கண்ணாடிக்காரரின் மனைவி சொன்னதற்கிணங்க, ஊழியர் ஆறு பேரை ஏற்றிக்கொண்டார். அவர்களில் ஒலிப் பிரிவின் தலைவருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்திருந்தது. பஞ்சர் கடைக்காரர் சொன்னதைக் கண்ணாடிக்காரர் எல்லார் காதிலும் விழும்படி இரண்டு முறை சொன்னார். சக்கரம் படுத்துவிடும், ஏறாதீர்கள் என்றார். அங்கீகரிக்கப்படாத கருத்துகளை இங்கே பேச வேண்டாம் என்று மேலாளர் சன்னலை ஏற்றிக்கொண்டார்.

கார் வழவழப்பான பாதையில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சத்தமும் இல்லை. பாதையின் முடிவில் மேலாளர் திரும்பிவருவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் இடப்பக்கம் ஒடித்தார்.

இடப்பக்க முன்சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அலுத்துப்போன மாடு படுப்பதுபோல நிதானமாகப் படுத்தது. காரின் மூக்கு தரையில் இடித்து நின்றது. நடக்கும் வேகத்தில் போனதால் யாருக்கும் அடிபடவில்லை. ஒலிப் பிரிவின் தலைவருக்கு மட்டும் காதோரம் ஒரு சிறு வீக்கம். ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, படுத்துக்கிடந்த சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள். இருபத்திரண்டு வளைவுகளில் எந்த வளைவில் அது படுத்திருக்கும் என்று கண்ணாடிக்காரரின் மனைவி எண்ணிக்கொண்டு நின்றார். அவருடைய கை தம்பியின் கையைப் பற்றியிருந்தது.

மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பார்த்தீங்கல்ல சார்?” என்றார். “கடைசி வரைக்கும் சத்தம் வரவே இல்ல.”

ஒரு மணி நேரத்தில் பதினாறாம் படிவம் வந்தது. ‘வாகனம் தற்போது நகரும் நிலையில் இல்லை. நகராத வாகனத்தில் ஓசை எழ வாய்ப்பில்லை. ஆகவே வாடிக்கையாளரின் ஓசைக் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது’ என்று அதில் கண்டிருந்தது. சக்கரம் சாய்ந்தது வேறு பிரிவைச் சேர்ந்தது. அதற்குப் பதினேழாம் படிவம். அதன் முதல் வரியில், ‘வாடிக்கையாளர் வாகனத்தை மூன்றாம் கூடத்துக்குத் தாமே ஓட்டிவர வேண்டும்’ என்று இருந்தது. அப்போதாவது அந்த நீலப் பெட்டியைக் கொடுங்கள் என்று கண்ணாடிக்காரர் சாளரத்தில் கேட்டார். குறை தீர்ந்துவிட்டபடியால் இனி உதிரிபாகம் தேவைப்படாது என்று பதில் வந்தது.

இருபத்தெட்டாம் தேதி அவர்கள் வாடகை வேன் ஒன்றில் மலையேறினார்கள். அந்த வேனுக்கு வயது பதினெட்டு. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பதினொரு சத்தங்களையும், பட்டியலில் இல்லாத வேறு பலவற்றையும் அது ஒரே நேரத்தில் எழுப்பியது. இறங்கும்போது, இரண்டரைக் கிலோவைத் தொடாத பேத்தியை மடியில் வைத்திருந்த மகள், முதல் வளைவிலேயே பயந்து தந்தையைப் பார்த்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் அதைக் கவனித்துவிட்டார்.

“பயப்படாதீங்கம்மா. டக்குன்னு வர்றது பின்கதவு. கிலுகிலுங்கிறது ஜாக்கி. கிரீச்சுங்கிறது உங்கப்பா உட்கார்ந்திருக்கிற சீட்டு. சக்கரத்துல ஒண்ணும் இல்ல, காலைல நாலையும் தூக்கி ஆட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

இருபத்திரண்டு வளைவுகளிலும் குழந்தை கண் திறக்கவில்லை. அத்தனை சத்தத்திலும் நன்றாக உறங்கியது.

கார் இன்றும் சோதனைப் பாதையின் முடிவில் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கிறது. அது வழியை அடைத்திருப்பதால் அதன்பின் அங்கே எந்த வண்டிக்கும் சோதனை நடக்கவில்லை. சோதனை இல்லாததால் ஓசையும் இல்லை. வரவேற்பறையில் பலகை பூஜ்யம் காட்டுகிறது. நான்காவது கேடயத்துக்கு இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒரு வண்டி இருக்கலாம். அதில் நீங்கள் யாரையோ ஏற்றிக்கொண்டு போகலாம். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் மையத்துக்குப் போகும்போது காபியை மறுத்துவிடுங்கள். நாற்காலியில் அமராதீர்கள். நேரே கட்டடத்தின் பின்புறம் நடந்து சென்று சோதனைப் பாதையைப் பாருங்கள். அது வழவழவென்று இருந்தால், படிவத்தில் கையொப்பமிடாதீர்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். அங்கேயே நின்று, உரத்த குரலில், ஒரே ஒரு பள்ளம் கேளுங்கள். அதை வெட்டும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.